குதிரையின் பல்லும் பறித்த குழியும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் ஆகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டிற்கும் குதிரைக்கும் இவ்விலக்கு இல்லை. சந்தையில் நிற்கும் குதிரையின் உதட்டை விலக்கி, முன்பற்களை எண்ணி, அவற்றின் தேய்வை நோக்கி, 'இஃது ஐந்து வயதினது. இஃது ஒன்பது வயதினது' என்று கூறவல்ல முதியோர் நம் சோழநாட்டு ஊர்களில் இன்றும் சிலர் உளர். ஆயின், வாங்கிய பின்னர் அக்குதிரையின் வாயை மீண்டும் திறந்து பார்ப்பார் அரியர். வயதறிதற்கு உதவும் முன்பல்லை யாவரும் நோக்குவர். அதன் உயிரைத் தாங்கும் கடைவாய்ப்பல்லை நோக்குவார் இலர்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாமும் இக்குற்றத்தினின்று நீங்கியவர் அல்லேம். பரி, புரவி, இவுளி, கலிமா எனக் குதிரைக்குரிய பெயர் பலவற்றைக் கற்றோம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுவதையும் கற்றோம். ஊரெல்லையில் ஐயனார் கோயில் முன் நிற்கும் மண்குதிரைகளையும், தஞ்சையின் பொய்க்கால் குதிரையாட்டத்தையும் இளமை முதற் கண்டு மகிழ்ந்தோம். எனினும், உயிருள்ள குதிரையின் வாய்க்குள் யாது உளது என்பதனை யாம் அறிந்ததில்லை. அதனை அறியுமாறு நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றனை முதற்கண் கூறுவோம்.

சென்ற கோடை விடுமுறையில், வெண்ணாற்றங்கரையிலுள்ள எம் ஊருக்குச் சென்றிருந்தோம். எம் தெருவின் கோடியில் முதியவர் ஒருவர் மட்டக்குதிரை ஒன்று வளர்த்து வருகின்றார். அவர்தம் தந்தையார் தஞ்சைப் புகைவண்டி நிலையத்திற்கு ஜட்கா ஓட்டியவர். ஜட்காக்கள் அருகி மறைந்த இந்நாளில், மகனார் தம் குதிரையைத் திருமண ஊர்வலங்கட்கும் திருவிழாக்கட்கும் வாடகைக்கு விட்டு வாழ்க்கை நடத்துகின்றார். யாம் கண்டபொழுது அக்குதிரை விலாவெலும்பு தோன்ற மெலிந்து நின்றது. அதன் வலப்பக்க மூக்கினின்று மட்டும் சீழ் ஒழுகிற்று; அணுகினார் முகத்தைத் திருப்புமாறு நாற்றம் வீசிற்று. நான்கு திங்கட்கு முன்னர், கடைவாய்ப்பல் கெட்டுவிட்டதென்று எவரோ ஒருவர் குதிரையைக் கீழே வீழ்த்திக் கட்டி, உளியும் சுத்தியுங் கொண்டு பல்லைத் தகர்த்தெடுத்தனராம்.

"தம்பி, பல்லைத்தான் பிடுங்கியாயிற்றே, இன்னும் நாற்றம் ஏன் போகவில்லை?" என்று முதியவர் எம்மை வினவினார். கல்லூரியிற் படிக்கும் பிள்ளை என்பது கொண்டு வினவினார் போலும். யாம் விடையறியாது நின்றோம். நாற்றமுடைய குதிரையை மணவீட்டார் அழையாமையின், அதனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதென்று அவர் துணிந்திருந்தார். நோயுற்ற குதிரையை வாங்க வருவார் எத்தகையோர் என்பது அவரும் அறிவர், யாமும் அறிவோம்.

அவ்வினாவிற்கு விடை தேடி, கால்நடை மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவரையும், அவர் வாயிலாக அறுவைத் தொழிலில் வல்ல மருத்துவர் ஒருவரையும் அடைந்தோம். அவர்கள் காட்டிய நூல்களையும் கற்றோம். அறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றின் சாரம் இதுவே: பல்லைப் பறித்தல் ஒருநாட் செயல், பறித்த குழியைக் காத்தல் பன்னாட் செயல். முன்னதை முடித்துப் பின்னதை மறந்தவிடத்தே இன்னல் பிறக்கும்.

பல்லின் அமைப்பு

மக்களுடைய பல் முளைத்து வளர்ந்த பின்னர் மேலும் எழுவதில்லை. குதிரைப்பல்லின் இயல்பு வேறு. குதிரை நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்தலிலும் மெல்லுதலிலும் கழிக்கும் விலங்கு. புல்லொடு மண்ணும் வாயிற் புகும். நம் நாட்டு நெல் வைக்கோலிலோ சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுதி. ஆதலின், மெல்லுந்தோறும் பல் தேயும். அத்தேய்வை ஈடு செய்தற்பொருட்டு, தாடைக்குள் மறைந்திருக்கும் பல்லின் நெடும்பகுதி ஆண்டுதோறும் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலெழுந்து வந்துகொண்டேயிருக்கும். இளங்குதிரையின் கடைவாய்ப்பல் ஒன்றை முழுதும் எடுத்து மேசைமேல் வைத்தால், வாயில் வெளித்தோன்றும் பகுதி சிறிதாகவும், எலும்பினுள் புதைந்திருந்த பகுதி நம் நடுவிரலின் நீளத்ததாகவும் இருக்கக் காணலாம். நிலத்தின்மேற் சிறிது தோன்றி, உள்ளே ஆழ இறங்கிய முளைக்கு அதனை ஒப்பிடலாம். குதிரை முதுமையடைய, அம்முளை தேய்ந்து குறுகும்.

மேல்வாயிலும் கீழ்வாயிலும் பக்கத்திற்கு ஆறாகக் கடைவாய்ப்பற்கள் 24 உள. மேல்வாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் மூன்று வேரும், கீழ்வாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வேரும் உண்டு. வரிசையிலுள்ள ஆறும் ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே அம்மிக்கல்லே போல நின்று அரைக்கும். இவற்றுள் நான்காவது பல் ஏறத்தாழ ஓராண்டு வயதிலேயே முளைத்துவிடும். நிலைப்பற்களுள் மூத்தது அதுவே. நோய் அதனை மிகுதியும் பற்றுவதாக மருத்துவர் கூறுவர். எம் ஊர்க் குதிரைக்குக் கெட்டதும் அதுவே.

இனி, அறுவை மருத்துவர் என்றும் நினைவிற் கொள்ளத்தக்க ஒன்று உளது. குதிரையின் கன்னத்தெலும்பின் உட்புறத்தே காற்று நிறைந்த வெற்றறைகள் இருக்கின்றன. மேல்வாயின் பின்புறப் பற்கள் நான்கின் வேர்களும் இக்காற்றறைகளின் தரையில் ஊன்றி நிற்கும். அறைகள் மூக்கொடு தொடர்புடையன. ஆதலின், அப்பற்களின் வேரிற் சீழ் பிடித்தால் அச்சீழ் அறையில் நிறைந்து, அப்பக்கத்து மூக்கின் வழியே வெளிவரும். சளி பிடித்த குதிரைக்குப் பெரும்பாலும் இருபக்க மூக்கும் ஒழுகும். ஒருபக்க மூக்கு மட்டும் நாற்றத்தோடு ஒழுகுமாயின் பல்லை ஐயுறல் வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயிலும் மூக்கொழுகுதல் உண்டு. அந்நோய் மக்களையும் பற்றும். ஆகவே, இன்ன நோயென்று துணிதல் மருத்துவர்க்கே உரியது. கீழ்வாய்ப்பல் கெடின், தாடையின் அடிப்புறம் வீங்கி, வெளியே துளை விழுந்து சீழ் வடியும். புல்லை மென்று உருட்டிக் கீழே உமிழ்தல், தலையை ஒருபுறம் சாய்த்து மெல்லுதல், கடிவாளத்தை ஏலாமை என்பனவும் பல்நோயின் குறிகளாம்.

முன்னோர் முயற்சி

குதிரையின் பல்லில் மாந்தர் கைவைத்தது நேற்று இன்று அன்று. மங்கோலிய நாட்டுப் பழங்குதிரைகளின் தலையோடுகளை ஆராய்ந்தோர், கி. மு. 1150 அளவிலேயே குதிரையின் பல்லை அறுக்க முயன்ற தடத்தினைக் கண்டு, 2018 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். பிற்காலத்தே, கி. மு. 750 அளவில், கடைவாய்ப்பற்களின் முன்னே முளைக்கும் சிறுபல்லைப் பறித்த அடையாளமும் கிடைத்துள்ளது. உலோகக் கடிவாளம் அப்பல்லின்மேற் பட்டு வருத்துமாதலின், அதனைப் பறித்தனர் போலும்.

நம் நாட்டிலும் சாலிகோத்திர முனிவர் பெயராலும் நகுலன் பெயராலும் குதிரை மருத்துவ நூல்கள் வடமொழியில் வழங்குகின்றன. வண்ண ஓவியங்களோடு கூடிய அசுவ சாஸ்திரம் ஒன்று தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் ஏட்டுருவில் இருந்து, 1952 ஆம் ஆண்டில் அச்சேறிற்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், மிஷனரியாகிய சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்றவர் என்பதும், அந்நூல்நிலையத்தைப் பெருக்கியவர் என்பதும் அன்பர் அறிந்தனவே. அவர் நிறுவிய தன்வந்தரி மகாலில் மக்கட்கேயன்றி விலங்குகட்கும் மருந்து செய்யப்பட்டது. நோயாளர் இன்னார், அவர்க்குச் செய்த மருத்துவம் இன்னது, விளைவு இன்னது என்று ஆங்கு எழுதியும் வைத்தனர். இவ்வெழுதி வைக்கும் வழக்கத்தின் அருமை, பின்வருவனவற்றைப் படிப்பார்க்கு விளங்கும்.

இதற்கு மாறாயதொரு செய்தியும் உண்டு. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் கடல் கடந்த நாடுகளினின்று ஆண்டுதோறும் பல்லாயிரம் பொன் கொடுத்துக் குதிரைகளை வாங்கியதையும், அவற்றைப் பேணும் அறிவுடையார் இன்மையின் அவை மிகுதியாக மடிந்ததையும் எழுதினார். சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்கு உணவாக இட்டதையும் அவர் குறிக்கின்றார். புல்லரைக்கப் பிறந்த பல்லுக்குச் சோறிட்ட நாடு இது! வாங்குதற்குப் பொன் இருந்தது. பேணுதற்கு அறிவு இல்லை.

அக்குறை பின்னர்ப் படிப்படியாக நீங்கலாயிற்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கப்பெற்றுப் பின்னர் வேப்பேரிக்கு மாறிற்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989 ஆம் ஆண்டில் தோன்றிற்று. சரபோசி மன்னர் முத்தாம்பாள் பெயரால் சத்திரம் எடுத்த ஒரத்தநாட்டில், 2012 ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று நடைபெறுகின்றது. ஆகவே, அறிவு இன்று நம் வயல்வரப்பு வரையிலும் வந்துள்ளது. அதனைத் தேடிச் செல்வதே எஞ்சியது.

பறிக்கும் முறை இரண்டு

கெட்ட பல்லை எடுத்தற்கு இருவழிகள் உள. ஒன்று, வாயின் வழியே குறடு கொண்டு பறித்தல். மற்றொன்று, முகத்தெலும்பிலோ தாடையெலும்பிலோ வேரின் நேரே துளையிட்டு, அத்துளையின் வழி உளியைச் செலுத்திச் சுத்தியால் தட்டிப் பல்லை வாய்க்குள் தள்ளுதல்.

மயக்க மருந்து இல்லாத பழங்காலத்தே இரண்டும் கொடுமையே. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குதிரைக்கு முழுமயக்கம் கொடுத்துக் கிடத்தும் முறை எளிதானபின், உளியாற் தள்ளும் முறையே பெருவழக்காயிற்று. ஆயின், அதனால் எலும்பு சிதைதலும், வேர்த்துண்டு தங்குதலும், பக்கத்துப் பல் ஊறுபடுதலும், ஆறாப் புரை உண்டாதலும் மிகுந்தன. நின்றபடியே குதிரையை அமைதிப்படுத்தும் மருந்துகள் வந்தபின்னர், வாய்வழிப் பறித்தலே மீண்டும் முதலிடம் பெற்றது. ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவிலுள்ள கால்நடை மருத்துவப் பள்ளியினர் இதனை ஆராய்ந்து நிலைநாட்டியவருள் முதன்மையானோர் ஆவர்.

இந்நாளைய முறை இதுவாம். குதிரையைச் சட்டத்துள் நிறுத்தி, அமைதிப்படுத்தும் மருந்தை நரம்பிலேற்றுவர். தாடைக்குச் செல்லும் உணர்வு நரம்பின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்துவர். வாய் மூடாதவாறு இரும்புச் சட்டம் பூட்டுவர். ஈற்றைப் பல்லினின்று விலக்கி, பல்லிடுக்கில் விரிகுறடு செலுத்திப் பல்லைச் சிறிது நெகிழ்த்துவர். பின்னர்ப் பல்லைப் பெருங்குறட்டாற் பற்றி, மெல்ல மெல்ல அசைப்பர். இங்ஙனம் அசைத்தல் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீளும். ஈற்றோரத்தே குருதி நுரைத்து, சேற்றினின்று காலை எடுக்குங்கால் எழும் ஒலி போன்ற ஒலி கேட்குமளவும் பொறுத்திருந்து, அதன் பின்னரே மேல்நோக்கி இழுப்பர். பொறுமையிழந்து முன்னரே இழுப்பின் பல் முறியும். வேர் உள்ளே தங்கும். எடுத்த பல்லின் வேர்களை எண்ணி, முழுதும் வந்ததா என்று நோக்கி, ஐயமிருப்பின் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

பறித்தபின் நேரும் இன்னல்களும் அறுவை முறையும்

பல் வெளிப்பட்டவுடன் அவ்விடத்தே ஆழ்ந்த குழி ஒன்று நிற்கும். அக்குழியிற் குருதி உறைந்து, அவ்வுறையின்மேற் செந்தசை வளர்ந்து, அடியினின்று நிரம்பி வருதல் வேண்டும். வாயினின்று புல்லும் வைக்கோலும் அதனுட் புகாதவாறு, குழியின் மேற்பகுதியை மட்டும் மெழுகாலோ, அச்செடுக்க உதவும் சிலிக்கோன் பசையாலோ, மருந்தூட்டிய துணித்திரியாலோ அடைப்பர். குழிமுழுதும் திணித்தல் தவறு. திணித்தால் தசை வளர இடமிராது. அவ்வடைப்பை ஓரிரு வாரங்களில் எடுத்துப் பார்த்து, வேண்டின் மீண்டும் இடுவர். இங்ஙனம் ஆறாதவழி நேரும் இன்னல்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, குருதிப்பெருக்கு. அண்ணத்தின் ஓரத்தே பெரிய குருதிக்குழாய் ஒன்று ஓடுகின்றது. கருவி தவறி அதனைத் தாக்கினாற் குருதி பீறிடும். துணிப்பொதியை வைத்து அழுத்திப் பிடித்து, தலையை உயர்த்தி நிறுத்துதலே முதற்செயல்.

இரண்டாவது, வேர்த்துண்டு தங்குதல். தங்கிய துண்டு உள்ளவரை சீழ் நில்லாது. எக்ஸ்ரே படத்தால் துண்டின் இடமறிந்து, வளைந்த மெல்லிய நெம்புகோலும் நீண்ட குறடுங் கொண்டு வாய்வழியே எடுப்பர். வாய்வழிக் கருவி எட்டாவிடத்து, கன்னத்திற் சிறு கீறலிட்டு, அதன் வழி குழாய் ஒன்றைச் செலுத்தி, அக்குழாயினூடே பல்லிற் துளையிட்டுத் திருகாணியை முடுக்கி, திருகாணியோடு சேர்த்துப் பல்லை வெளியேற்றுவர். கன்னத்தே முகநரம்பின் கிளைகளும், உமிழ்நீர்க் குழாயும், குருதிக்குழாய்களும் ஓடுவதனால், கீறுமிடத்தைத் தேர்தலிலேயே மருத்துவரின் திறமை அடங்கும். முகநரம்பு அறுபடின் உதடு ஒருபுறம் கோணித் தொங்கும்.

மூன்றாவது, குழியின் எலும்பு சாதல். குருதியுறை கரைந்தோ பெயர்ந்தோ போயின், எலும்பு வெறுமையாய்க் கிருமிக்கு இரையாகும். அதன் சிறுபகுதி செத்துத் துண்டாகப் பிரியும். உயிரற்ற எலும்பிற்குக் குருதியோட்டம் இன்மையின், குருதியொடு செல்லும் மருந்தும் அதனை எட்டாது. பென்சிலின் முதலிய மருந்துகளைத் திங்கட்கணக்கில் ஏற்றியும் நோய் தீராமைக்குக் காரணம் இதுவே. இதற்குரிய மருத்துவம் கைவினையே. நிற்கும் குதிரைக்கு மரப்பு மருந்திட்டு, செத்த எலும்பைச் சுரண்டியால் நீக்கி, நலமுள்ள எலும்பில் குருதி கசியுமளவும் துப்புரவாக்கி, உப்புநீராற் கழுவி, மேலே மட்டும் அடைப்பிடுவர். ஒருமுறையிற் தீராது இருமுறை மும்முறை செய்ய வேண்டுதலும் உண்டு.

நான்காவது, வாய்க்கும் காற்றறைக்கும் இடையே புரை விழுதல். இன்னல்களுட் கொடியது இதுவே. மேல்வாய்ப் பின்பல்லின் குழி அடிப்புறத்தே அறையொடு திறந்துகொள்ளின், குதிரை மெல்லும் புல் ஒவ்வொரு கவளத்தினும் சிறிது அறைக்குட் புகும், புகுந்தது அழுகும், அழுகியது மூக்கின் வழி ஒழுகும். இங்கு மருத்துவர் இரு வேலைகளைச் செய்தல் வேண்டும். ஒன்று, அறையைத் துப்புரவாக்கல். கண்ணின் கீழே முகத்தெலும்பில் வட்டத்துளையிட்டு, உள்நோக்கிக் கருவியாற் கண்டு, அழுகிய புல்லையும் கட்டிப்பட்ட சீழையும் நீக்கி, குழாய் பொருத்திப் பல நாள் கழுவுவர். சீழ் மிகக் கட்டிப்பட்டிருப்பின், எலும்பை மூன்றுபுறம் அறுத்துக் கதவுபோலத் திறந்து துப்புரவாக்கி மீண்டும் மூடுவர். மற்றொன்று, வாயின் பக்கத்து வழியை அடைத்தல். அடைக்காது கழுவுதல், ஓட்டையுள்ள படகினின்று நீரை இறைப்பதை ஒக்கும். புரை புதியதாயின், விளிம்பைச் சுரண்டிப் புதுப்புண்ணாக்கி, மேலே அடைப்பிட்டாற் பெரும்பாலும் தசை வளர்ந்து மூடும். பழையதாகி உட்புறம் தோல் படர்ந்துவிடின் தானே மூடாது. அப்பொழுது அண்ணத்தின் மென்தோலையேனும், மேலுதட்டை உயர்த்தும் முகத்தசையின் பகுதியையேனும் ஒருபுறம் அறாதவாறு எடுத்துத் திருப்பிப் புரையினுட் பொருத்தித் தைப்பர்.

ஐந்தாவது, கீழ்த்தாடையில் வெளிப்புரை. தாடையின் அடியே துளை விழுந்து சீழும் உமிழ்நீரும் வடியும். மெல்லிய கம்பியாற் புரையின் போக்கை அறிந்து, செத்த எலும்பையும் வேர்த்துண்டையும் நீக்கி, சீழ் வடிதற்கு அடிப்புறத்தைத் திறந்தபடியே விடுவர்; வாயின் பக்கத்தை மட்டும் அடைப்பர். வெளித்துளையைத் தைத்து மூடிவிடின் சீழ் உள்ளே தங்கி வீங்கும்.

ஆறாவது, தாடை முறிதல். மிகுந்த வன்மையோடு உளியைத் தட்டுதலால் இது நேரும். நின்ற பற்களையே பிடியாகக் கொண்டு கம்பியாற் பிணித்து அசையாது நிறுத்துவர்.

இவையனைத்தினும், குதிரை வில்லாய் விறைத்து மடியும் டெட்டனஸ் என்னும் இசிவு நோயை மறத்தல் ஆகாது. அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. அதற்குக் குதிரையைப்போல எளிதில் ஆட்படும் வளர்ப்பு விலங்கு வேறில்லை எனலாம். ஆதலின், வாயிற் புண்படுத்தும் முன்னரே தடுப்பூசி இட்டிருத்தல் கடனாம்.

எம் ஊர்க் குதிரை

நிற்க. முதியவரின் வினாவிற்கு மீள்வோம். மருத்துவர் குதிரையை நிற்கவைத்தே அமைதிப்படுத்தி, வாயைத் திறந்து, விளக்கொளியிற் சிறு கண்ணாடி கொண்டு நோக்கினார். பறித்த குழியில் வைக்கோல் திணிந்திருந்தது. அதனை அகற்றிக் கழுவியபின், எக்ஸ்ரே படத்தில் வேர்த்துண்டு ஒன்றும், அதன்மேல் அறையில் நிறைந்த சீழின் நிழலும் தோன்றின. மேற்கூறிய இரண்டாவதும் நான்காவதும் ஒருங்கே நேர்ந்திருந்தன. "பல்லைப் பிடுங்கினார்கள், பெரியவரே, மூன்று வேரில் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேலே நான்கு மாதத்து வைக்கோல் இருக்கிறது" என்று மருத்துவர் கூறினார். முதியவர் ஒன்றும் பேசாது குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று துண்டு எடுக்கப்பட்டது. அது சுண்டுவிரலின் நுனியளவே இருந்தது. அறைக்குத் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. குழியின் வாய் மெழுகால் அடைக்கப்பட்டது. நாள்தோறும் இருமுறை உப்புநீராற் கழுவும் பொறுப்பை முதியவர் ஏற்றார். எண்ணெழுத்து மிகுதியும் அறியாத அவர், ஒவ்வொரு நாளும் மூக்கில் வடிந்தது எவ்வளவு, நாற்றம் உண்டா இல்லையா, குதிரை தின்றது எவ்வளவு என்பவற்றைத் தம் பேத்தியைக் கொண்டு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதுவித்தார். ஒன்பதாம் நாள் வடிதல் மீண்டும் மிகுந்ததை அக்குறிப்பேட்டாலேயே மருத்துவர் அறிந்து, அடைப்பு நெகிழ்ந்தமை கண்டு புதுக்கினார். அக்குறிப்பு இல்லையாயின், அறை மீண்டும் புல்லால் நிறைந்திருக்கும். தன்வந்தரி மகாலில் எழுதி வைத்தோரின் அருமையை யாம் அன்றே உணர்ந்தோம்.

இரண்டு திங்களிற் குழி தசையால் மூடிற்று. மூக்கு உலர்ந்தது. ஆவணித் திங்களில் எம் ஊர்த் திருமண ஊர்வலம் ஒன்றில் அக்குதிரை மணமகனைச் சுமந்து நடந்தது.

என்றும் செய்யத்தக்கன

குழி மூடியதோடு கடமை முடிவதில்லை. பறிக்கப்பட்ட பல்லிற்கு எதிரேயுள்ள பல் தேய்தற்குத் துணையின்றி, ஆண்டுதோறும் எழுந்துகொண்டே வந்து, வெற்றிடத்துள் நீண்டு, ஈற்றைக் குத்தும். பக்கத்துப் பற்கள் இடைவெளி நோக்கிச் சாயும். அவ்விடுக்கில் புல் சிக்கும். ஆகவே, ஆறு திங்கட்கு ஒருமுறையேனும் வாயைத் திறந்து நோக்கி, நீண்ட பல்லை அரத்தால் அராவி மட்டப்படுத்தல் அக்குதிரை உள்ளளவும் வேண்டப்படும்.

பறித்த அண்மைக்காலத்தே முரட்டு வைக்கோலை விலக்கி, பசும்புல்லும், ஊறவைத்து நசுக்கிய கொள்ளும், நீரிற் குழைத்த தவிடும் கொடுத்தல் நலம். புண் ஆறுமளவும் வாயிற் கடிவாளம் இடுதல் ஆகாது. மூக்கிலோ தாடையிலோ மீண்டும் நாற்றம் தோன்றின், 'போகப் போகச் சரியாகும்' என்று வாளாவிருத்தல் பெரும்பிழை. ஆறாத குழி தன்னுள் ஏதோ ஒன்றைக் கொண்டிருக்கின்றது என்பதனை மறவாதிருத்தல் வேண்டும்.

அன்பர்களே! நம் காவிரி நாட்டிற் குதிரைகள் இந்நாளில் மிகச் சிலவே. ஊர்வலத்திற்கும், பந்தயத்திற்கும், கடற்கரையிற் சிறுவரை ஏற்றுதற்கும் எஞ்சியுள்ளவை அவை. சிலவாயினும், அவற்றை நம்பி உண்பார் எளியோர் ஆவர். தன் வாய்நோயைக் கூறுதற்கு அவ்வாயே துணையாகாத உயிர் அது. மருத்துவம் பயிலாத நம்மாற் செய்யத்தக்கது யாதெனின், மெலிந்த குதிரையைக் காணுமிடத்து அதன் மூக்கையும் தாடையையும் ஒருமுறை நோக்கி, உடையவர்க்கு அறுவை வல்லார் இருக்குமிடத்தைக் காட்டுதலேயாம். இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை.

முதியவரை அண்மையில் மீண்டுங் கண்டோம். குறிப்பேடு இன்னும் முடியவில்லை; அடுத்த ஆய்வு தைத்திங்களில் என்று அதன் கடைசிப் பக்கத்தில் பேத்தி எழுதியிருக்கின்றாள்.